ஆபீசுக்கும் கடைக்கும் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஜெர்சி போட்டுக்கொண்டு கூட்டமாகக் கிளம்புகிறவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது ஆபீஸ், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட், பிள்ளையின் டியூஷன் என்று அன்றாட வேலைக்குச் சைக்கிள் எடுக்க நினைப்பவர்களுக்கு. நான் இருப்பது கும்பகோணத்தில். தட்டையான ஊர். மேடு பள்ளம் உள்ள ஊர்க்காரர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் வரை சைக்கிள் சரிப்பட்டு வரும்?

ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். அவசரப்படாமல் ஓட்டினால் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வரும். ஐந்து கிலோமீட்டருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். டவுனுக்குள் பைக்கும் சிக்னல், நெரிசல், நிறுத்த இடம் தேடுவது எல்லாம் சேர்ந்தால் அதைவிடப் பெரிதாக ஒன்றும் முந்திவிடுவதில்லை. பத்து கிலோமீட்டர் பழகினால் முடிகிற தூரம்தான், ஆனால் முதல் வாரமே அதில் இறங்க வேண்டாம். அதற்கும் மேல் என்றால் ரயில் நிலையம் வரை சைக்கிள், ஸ்டாண்டில் டோக்கன், மீதித் தூரம் ரயில். தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு தலைமுறையாக இப்படித்தான் வேலைக்குப் போய் வந்தார்கள்.

வேர்த்துக் கொட்டுமே, அதோடு எப்படி ஆபீசில் உட்காருவது?

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. வேர்ப்பதற்கு வெயில் பாதிக் காரணம்தான், மீதி வேகம்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண உடம்பு உள்ள ஒருவர், சாதாரண சைக்கிளில், காற்றடிக்காத சமதளச் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகப் பெடலில் சுமார் 50 வாட் கொடுத்தால் போதும். அதே ஆள் 25-இல் போக வேண்டும் என்றால் 150 வாட்டுக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, உழைப்பு மூன்று மடங்கு. காரணம் எதிரே நிற்கும் காற்று. அதைத் தள்ளுவதற்கான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடு. 15-இல் நூற்றைம்பது வாட் சூடு, 25-இல் நானூற்றைம்பதுக்கு மேல். அது வேர்வையாகத்தான் வெளியேற வேண்டும்.

அதனால் மெதுவாக ஓட்டுங்கள். பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பையன் முந்திப் போனால் போகட்டும். இன்னொன்று, ஓட்டும்போது முகத்தில் அடிக்கிற காற்று வேர்வையைக் காயவைத்துவிடும். வண்டியை நிறுத்திய பிறகுதான் ஊற்றும். கடைசி அரைக் கிலோமீட்டரை இன்னும் மெதுவாகப் போய், ஆபீஸ் வாசலில் ஐந்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டு உள்ளே போங்கள். முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் வையுங்கள். பை ஒட்டியிருக்கும் இடம்தான் சட்டையில் முதலில் நனையும். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்கு மேல் கிளம்புகிற வேலை என்றால் பஸ்ஸில் போய்விடுங்கள். அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

எந்தச் சைக்கிள் வாங்குவது?

கடைக்காரர் முதலில் காட்டுவது தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், டிஸ்க் பிரேக், கண்ணைப் பறிக்கும் பச்சை. அதில் மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, செயின் கவர் இருக்காது, சில சமயம் ஸ்டாண்டுகூட இருக்காது. அன்றாட உபயோகத்துக்கு வேண்டிய நான்கையும் எடுத்துவிட்டு, வேண்டாத ஒன்றைச் சேர்த்துக் கூடுதல் விலை வைக்கிறார்கள். தார்ச்சாலையில் அந்த ஸ்பிரிங் நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கைத் தின்னும், எடையும் கூட்டும்.

என் கட்சி பழைய கறுப்பு சைக்கிள் கட்சி. 28 அங்குலச் சக்கரம், நிமிர்ந்து உட்காரும் கைப்பிடி, முழு மட்கார்டு, கனமான கேரியர். இருபது கிலோ சொச்சம் எடை இருக்கும், அது குறைதான். ஆனால் எந்த ஊர் மூலையிலும் உதிரி பாகம் கிடைக்கும், எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் கை பழகியது. பெரிய சக்கரம் குழியில் அவ்வளவு விழாது. மாடி ஏற்ற வேண்டும், எடை ஒத்துவராது என்றால் ‘சிட்டி’ வகை என்று விற்கிற சைக்கிளில் நடுத்தர அகல டயர் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மட்கார்டும் கேரியரும் அங்கேயே மாட்டச் சொல்லுங்கள்.

பழைய கம்பெனிகள் என்று கேட்டால், அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் இன்றும் இருக்கிறது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அவர்களுடையது. லூதியானாவின் ஹீரோவும் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற அட்லஸ், தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசிப் பெரிய ஆலையை மூடியது 2020 ஜூன் 3. உலக சைக்கிள் தினமும் அன்றைக்குத்தான்.

கியர் வேண்டாமா?

சமதளத்தில் வேண்டாம். பழைய சைக்கிளில் செயின் ஓடும் முன்பல் சக்கரத்துக்கும் பின்பல் சக்கரத்துக்கும் உள்ள விகிதப்படி ஒரு மிதி சுற்றினால் ஐந்தரை மீட்டர் அளவு நகரும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்றால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். நமக்கு வேண்டியதே அதுதான். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். கோயம்புத்தூரின் மேடுகளிலோ, ஏற்காடு, குன்னூர் பக்கமோ இருந்தால் கியர் கட்டாயம். அங்கேயும் 21 கியர் தேவையில்லை, பின்னால் மட்டும் ஆறேழு இருந்தால் போதும்.

கொஞ்ச நாள் ஓட்டினாலே முழங்கால் வலிக்கிறது. வயசாகிவிட்டதா?

பெரும்பாலும் வயசு இல்லை, சீட்டு உயரம். நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பாவ வேண்டும் என்ற பயம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிவரை கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். அப்படியும் வலி போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

அடிக்கடி காற்று இறங்கிவிடுகிறது. பஞ்சரா?

முதலில் வால் டியூபைச் சந்தேகப்படுங்கள். சாதாரண சைக்கிளில் காற்று அடிக்கும் மூக்குக்குள் ஓர் ஊசி இருக்கும், அதன்மேல் ஒரு துண்டு மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அதுதான் வால் டியூப். வெயிலில் நின்று நின்று காய்ந்து வெடித்துவிடும். மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு மூக்கின்மேல் வையுங்கள். குமிழி விட்டால் அங்கேதான் கசிவு. காசு பெறாத சாமான், நாலைந்து வாங்கிப் பர்ஸில் போட்டு வையுங்கள். மாற்ற ஒரு நிமிடம் ஆகாது.

குமிழி இல்லையென்றால் பஞ்சர்தான். ஒட்டுவதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் போதும், நீங்களே செய்துவிடலாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி ஓட்டை பார்க்க வேண்டும். ஓட்டையைக் குறித்துக்கொண்டு, துடைத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவ வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். சொல்யூஷனின் பளபளப்பு போய்ச் சற்றுக் காய்ந்த பிறகுதான் ஒட்டுத்துண்டை வைத்துத் தட்டவேண்டும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே பெயர்ந்துவிடும்.

டியூபைத் திரும்ப நுழைப்பதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய சீமைக்கருவேல முள் இன்னும் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் மாட்டிவிட்டு, ‘ஒட்டு சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு.

காற்று எவ்வளவு? டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். வாரம் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும், பஞ்சர் இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ‘சைக்கிள் கனமாகப் போகிறது’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வைத்தியம்.

வேட்டி, சேலை, சுரிதார் எல்லாம் செயினில் மாட்டாதா?

முழுச் செயின் கவர் இருந்தால் மாட்டாது. பின்சக்கரத்தில் துப்பட்டா, முந்தானை போகாமல் இருக்க மட்கார்டின் இரண்டு பக்கமும் வலை மாட்டித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. நம் தாத்தாக்கள் பேண்ட் போட்டுக்கொண்டா ஓட்டினார்கள்?

நாற்பது வயசுக்கு மேல், அதுவும் பெண், இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?

புதுக்கோட்டையில் கற்றுக்கொண்டார்களே. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னால் நின்று நடத்தினார். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மைதானங்களில் விழுந்து எழுந்து பழகினார்கள். ‘லேடீஸ் சைக்கிள்’ கிடைக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளே நல்லது, முன்னால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும், கொண்டுவிட ஓர் ஆண்பிள்ளைக்கும் காத்திருக்கிற வேலை அதோடு போயிற்று. அதைப் பார்த்துக் கேலி பேசிய ஆண்களும் நிறைய, அதுவும் பதிவாகியிருக்கிறது.

கற்கும் முறை இப்போது இன்னும் சுலபம். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடவே வேண்டாம். சீட்டை நன்றாகத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டு மரையைக் கெடுத்துவிடாதீர்கள். பிறகு காலால் தரையை உந்தி உந்தி, பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்து மீட்டர் போக வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது. அப்புறம் பெடலை மாட்டிக்கொள்ளலாம். சின்ன வயதில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப்பெடல் போட்டவர்களுக்கு இது கூட வேண்டாம், உடம்பு மறக்காது.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இலவச சைக்கிளால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001-இல், முதலில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிந்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அதிலும் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். நடக்க முடியாத தூரம், பஸ் வராத ஊர். சைக்கிள் வேலை செய்வது சரியாக அந்த இடைவெளியில்தான். அந்தச் சைக்கிளை அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார் என்று குறை சொல்வார்கள். போகட்டுமே, வீட்டுக்கு ஒரு வண்டி வந்திருக்கிறது.

சாமான் எவ்வளவு ஏற்றலாம்?

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கேரியரில் படுக்க வைத்து, பழைய டியூபைக் கீறிய பட்டையால் இறுக்கிக் கட்டினால் நிம்மதியாக வரும். பிளாஸ்டிக் குடத்தைக் கொக்கி போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தண்ணீர் எடுக்கிற ஊர்கள் எத்தனை! எடை பின்னால், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாதீர்கள், திரும்பும்போது இழுத்துவிடும்.

அதற்கு மேல் என்றால் மூன்று சக்கரம். சென்னையின் மீன்பாடி வண்டியைப் பாருங்கள். முன்னால் பலகை, பின்னால் மிதிப்பவர். மீனில் தொடங்கி ஐஸ் பார், பீரோ, தண்ணீர் கேன் வரை ஏற்றாதது இல்லை. அதில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினால் பதிவில்லாத மோட்டார் வாகனம், போலீஸ் பிடிக்கும். மிதிக்கிறவரை அந்தச் சிக்கல் இல்லை.

மனுஷன் மிதித்து இன்னொரு மனுஷனைச் சுமப்பது சரியா?

தமிழ்நாட்டில் கை ரிக்ஷாவை ஒழித்தது 1973-இல். இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். பிறகு ஆட்டோ வந்து அதையும் ஓரங்கட்டியது. ரிக்ஷாவில் எனக்குத் தவறாகப் படுவது மிதிப்பது அல்ல, கியரே இல்லாத இரும்புக் கூட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மிதிக்க வைத்ததும், அதற்கு நாள் வாடகை வாங்கியதும். நம் சோற்றுக்கு நாமே மிதிப்பது வேறு கணக்கு.

இரவில் ஓட்ட விளக்கு எது நல்லது?

பின்னால் சிவப்பு விளக்கு முக்கியம், முன்விளக்கைவிட. சார்ஜ் ஏற்றுகிற எல்இடி விளக்கு இப்போது மலிவு. சக்கரத்தில் உரசி ஓடும் டைனமோ 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும். மிதிக்கக் கொஞ்சம் இழுக்கும், நின்றால் அணைந்துவிடும். ஆனால் சார்ஜ் தீர்ந்ததே என்ற கவலை இல்லை.

அந்த மூன்று வாட்டை லேசாக நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில், 1990-க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் பேட்டரியும் இல்லை. அப்போது சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலியை இணைத்துச் செய்தி கேட்டார்கள். போக்குவரத்தும் ஏறக்குறைய முழுக்கச் சைக்கிள்தான், நோயாளிகள் உட்பட.

லைசென்ஸ், ஹெல்மெட், டபுள்ஸ்?

லைசென்ஸ் வேண்டாம். முன்பு நகராட்சியும் பஞ்சாயத்தும் வருஷத்துக்கு ஒரு வில்லை கொடுத்து வரி வாங்கின. லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். சைக்கிளுக்கு ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பஸ், லாரி ஓடும் சாலையில் போகிறவர் போட்டுக்கொள்வது நல்லது. தெருவுக்குள் பால் வாங்கப் போக, அது இல்லையே என்று சைக்கிளையே எடுக்காமல் இருக்க வேண்டாம்.

பேட்டரி சைக்கிள் வாங்கலாமா?

மேட்டுப்பாங்கான ஊர், முழங்கால் பிரச்சினை, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் தூரம் என்றால் தாராளமாக. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ‘ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பதில் போகும் சார்’ என்று கடையில் காதோடு சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விபத்து என்று வந்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

படுத்துக்கொண்டு ஓட்டுகிற சைக்கிள் வேகமாகப் போகுமாமே?

போகும். காற்றுக்குக் குறுக்கே நிற்கும் உடம்பு சிறிதாகிவிடுகிறதே. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் அப்படிப்பட்ட சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி அதுவரை இருந்த சாதனையை முறித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம், இது சைக்கிளே இல்லை என்று போட்டியிலிருந்து தள்ளிவைத்தது. கூடு போட்டு மூடிய அந்த வகை வண்டியில் 2016-இல் கனடாவின் டாட் ரைக்கர்ட், அமெரிக்காவின் நெவாடா பாலைவனச் சாலையில் மணிக்கு 144 கிலோமீட்டர் தொட்டார். எஞ்சின் இல்லை, இரண்டு கால் மட்டும்.

நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் அதை ஓட்டினால் உங்கள் தலை டவுன் பஸ்ஸின் சக்கர உயரத்தில் இருக்கும். வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நம் சாலைகளைப் போடுகிறவர்களுக்குச் சைக்கிள்காரர் கண்ணில் படுவதே இல்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. கொத்தனார், வாட்ச்மேன், காய்கறி விற்பவர், பேப்பர் போடும் பையன் என்று விடியும்முன் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு என்று ஒரு கோடுகூடப் பெரும்பாலான ஊர்களில் இல்லை. சைக்கிளில் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள்தான் சாலையையும் போடுகிறார்கள்.

அது மாறும்வரை நாம் செய்யக்கூடியது: சாலை ஓரத்து மணலில் ஒண்டி ஒண்டிப் போகாதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். நின்றிருக்கும் கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வெளியே வராதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. ஸ்டாப்பில் ஒதுங்கும் பஸ்ஸின் இடப்பக்கம் ஒருநாளும் நுழையாதீர்கள். பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது கேவலம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பைக்கில் போகும் வழியிலேயே சைக்கிளிலும் போக வேண்டியதில்லை. எந்த ஊரிலும் மெயின் ரோட்டுக்கு இணையாக ஒரு சந்து வழி இருக்கும். அரைக் கிலோமீட்டர் சுற்று என்றாலும் அதுதான் உங்கள் பாதை.

மழைக்காலத்தில்?

இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். தேங்கிய தண்ணீரில் குழி தெரியாது, இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து இரண்டு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்துவிடும்.

பரணில் அப்பாவின் பழைய சைக்கிள் கிடக்கிறது. தேறுமா?

ஃபிரேமில் விரிசலோ, ஓட்டை விழுகிற துருவோ இல்லையென்றால் தேறும். மேலே தெரிகிற துரு ஒன்றும் செய்யாது. கடையில் ‘முழு ஓவராயில்’ என்று சொல்லுங்கள். சக்கரம், பெடல் அச்சு, கைப்பிடிக் கழுத்து எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்துத் தருவார்கள். டயர், டியூப், பிரேக் கட்டை புதிது போட்டுவிடுங்கள், வருஷக்கணக்கில் கிடந்த ரப்பரை நம்ப முடியாது. செயின் நீண்டு போயிருந்தால் பின்பல்லையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் தாவும். வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே ஏறி ஒரு தெரு சுற்றிவிட்டு வந்து, சீட்டு உயரத்தைச் சரிபார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.